மீனின் நீளத்தை எதிரொலி சொல்லுமா? வாசகர் கேள்வி–பதில்

நீருக்குள் ஒலியை அனுப்பி அதன் எதிரொலியைக் கேட்கும் சோனார் கருவி கொண்டு ஒவ்வொரு மீனாக அளப்பது பற்றி வந்த கேள்விகளில், பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: படகில் இருக்கும் ஃபிஷ் ஃபைண்டரின் திரையில் மீன்கள் வில்லாக வளைந்து தெரிகின்றன. சில வில் சின்னது, சில பெரியது. பெரிய வில் என்றால் பெரிய மீன் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. வில்லின் நீளம், அந்த மீன் ஒலிக்கற்றைக்குள் எவ்வளவு நேரம் இருந்தது என்பதைத்தான் காட்டுகிறது. 20 பாகை அகலமுள்ள கற்றை 10 மீட்டர் ஆழத்தில் சுமார் 3.5 மீட்டர் குறுக்களவு கொண்ட வட்டமாக விரிந்திருக்கும். படகு நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போனால், அசையாமல் நிற்கும் மீன் அந்த வட்டத்தைக் கடக்க மூன்றரை நொடி ஆகும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் ஏழு நொடி. மீன் அதேதான், வில் மட்டும் இரண்டு மடங்கு நீண்டுவிடும். படகும் நின்று மீனும் நின்றால் வில்லே வராது, ஒரு கோடு ஓடிக்கொண்டே இருக்கும்.

வளைவு வருவதற்குக் காரணம் தூரம். கற்றையின் ஓரத்தில் இருக்கும்போது மீன் சற்றுத் தள்ளி இருக்கிறது, நேர் கீழே வரும்போது அருகில் இருக்கிறது. மேலே சொன்ன கணக்கில் அந்த வேறுபாடு 15 சென்டிமீட்டர்தான். வில்லின் தடிமனும் மீனின் தடிமன் அல்ல. ஒலித்துடிப்பு 0.2 மில்லிநொடி நீடித்தால், விரலளவு மீன்கூடத் திரையில் 15 சென்டிமீட்டர் தடிமனாகத்தான் தெரியும்.

திரையில் மீன் பொம்மை போட்டு அளவு காட்டும் வசதி எதிரொலியின் வலிமையைப் பார்த்துத்தான் பொம்மையைத் தேர்ந்தெடுக்கிறது. மீன் கற்றையின் நடுவில் இருந்ததா ஓரத்தில் இருந்ததா என்பது அதற்குத் தெரியாது. அளவெடுக்கும் வேலைக்கு அதை அணைத்து வைப்பதே நல்லது.

கேள்வி: அப்படியானால் எதிரொலியிலிருந்து நீளத்தை எப்படித்தான் கணக்கிடுகிறார்கள்? சமன்பாட்டை எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?

மீன் தன்மேல் விழும் ஒலியில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதை 'இலக்கு வலிமை' என்கிறோம். அளவு டெசிபலில். மீன்களுக்கு இந்த எண் எப்போதும் கழித்தல் குறியோடுதான் வரும். −60 என்றால் மெல்லிய எதிரொலி, −30 என்றால் பலமான எதிரொலி.

பரவலாகப் பயன்படும் சமன்பாடு இது:

இலக்கு வலிமை = 20 × மடக்கை (சென்டிமீட்டரில் நீளம்) − ஒரு மாறிலி

மடக்கை பத்தடிமான மடக்கை. மாறிலி மீனின் வகைக்கு வகை மாறும். 38 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், காட் போல மூடிய காற்றுப்பை (மிதக்க உதவும், வாயு நிறைந்த உள்ளுறுப்பு) உள்ள மீன்களுக்கு அது 67.4. ஹெர்ரிங், மத்தி வகையினருக்கு 71.9. இப்போது 30 சென்டிமீட்டர் காட் மீனைப் போட்டுப் பாருங்கள்: 30இன் மடக்கை 1.477, 20ஆல் பெருக்கினால் 29.5, அதிலிருந்து 67.4ஐக் கழித்தால் −37.9 டெசிபல். அதே நீளமுள்ள ஹெர்ரிங் −42.4 தான் தரும். இனம் தெரியாமல் −42.4 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு காட் சமன்பாட்டில் போட்டால், 30 சென்டிமீட்டர் ஹெர்ரிங் 18 சென்டிமீட்டர் காட் ஆகிவிடும்.

இந்த 20 என்ற எண்ணுக்குள் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. நீளம் இரண்டு மடங்கானால் எதிரொலி 6 டெசிபல் கூடும். 6 டெசிபல் பிழை செய்தால் நீளம் இரண்டு மடங்கு தவறும், 3 டெசிபல் பிழையில் 41 விழுக்காடு தவறும், 1 டெசிபலுக்கே 12 விழுக்காடு. கீழே வரும் எல்லாப் பதில்களுக்கும் இந்த மூன்று எண்கள் வேண்டும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரொலியைப் பெரும்பாலும் அனுப்புவது மீனின் சதையோ எலும்போ அல்ல, காற்றுப்பை. அது இருக்கும் மீனில் எதிரொலி ஆற்றலின் 90 விழுக்காட்டுக்கு மேல் அங்கிருந்தே வருகிறது. சதையின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்திக்கு மிக அருகில் இருப்பதால் ஒலி பெரிய தடையின்றி ஊடுருவிப் போகிறது. காற்றில் பட்டால்தான் திரும்புகிறது. சுறா, திருக்கை, வரிச்சூரை, அட்லாண்டிக் கானாங்கெளுத்தி போன்றவற்றுக்குக் காற்றுப்பை கிடையாது. அட்லாண்டிக் கானாங்கெளுத்தியின் எதிரொலி, அதே நீளமுள்ள காட் மீனுடையதைவிட 15 டெசிபலுக்கும் மேல் குறைவு. ஆகவே திரையில் 'சின்ன மீன்' என்று தெரிவது காற்றுப்பை இல்லாத பெரிய மீனாகவும் இருக்கலாம். நீரில் எந்த இனங்கள் இருக்கின்றன என்று தெரிந்த பிறகே சமன்பாட்டை எடுங்கள்.

கேள்வி: ஒற்றைக் கற்றைக் கருவி போதாதா? பிளவுக் கற்றைக் கருவிக்கு ஏன் அவ்வளவு செலவு செய்ய வேண்டும்?

ஒலிக்கற்றை டார்ச் வெளிச்சம் மாதிரி. நடுவில் பிரகாசம், ஓரம் போகப் போக மங்கல். கருவியின் குறிப்பில் '7 பாகை' என்று போட்டிருந்தால், அந்த 7 பாகையின் விளிம்பில் ஒலி 3 டெசிபல் குறைந்திருக்கிறது என்று பொருள். எதிரொலி திரும்பி வரும்போதும் அதே 3 டெசிபல் குறைகிறது. மொத்தம் 6. விளிம்பில் நிற்கும் 40 சென்டிமீட்டர் மீனும் நடுவில் நிற்கும் 20 சென்டிமீட்டர் மீனும் ஒற்றைக் கற்றைக்கு ஒன்றுதான்.

பிளவுக் கற்றையில் டிரான்ஸ்டியூசரின் (ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பகுதி) முகம் நான்கு கால் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அனுப்பும்போது நான்கும் சேர்ந்து ஒலிக்கும், கேட்கும்போது தனித்தனியாகக் கேட்கும். மீன் வலப்பக்கம் இருந்தால் எதிரொலி வலப்பாதிக்குக் கொஞ்சம் முந்தி வந்துசேரும். ஒலியலை முந்தியும் பிந்தியும் வரும் இந்த வேறுபாட்டிலிருந்து ('கட்ட வேறுபாடு') மீன் இருக்கும் கோணம் கிடைக்கிறது. கோணம் தெரிந்தால் கற்றை அங்கே எவ்வளவு மங்கலாக இருக்கிறது என்று தெரியும், அதைக் கூட்டிச் சரிசெய்யலாம். கூடவே மீன் இருக்கும் இடமும் முப்பரிமாணத்தில் கிடைத்துவிடுவதால், அது எப்படி நீந்துகிறது என்பதையும் தொடர முடிகிறது.

ஒற்றைக் கற்றை வீண் என்று சொல்ல மாட்டோம். ஆயிரக்கணக்கான எதிரொலிகளைச் சேர்த்து, மீன்கள் கற்றைக்குள் சீராகப் பரவியிருக்கின்றன என்று கொண்டு, கூட்டத்தின் அளவுப் பரவலைப் புள்ளியியல் வழியில் பிரித்தெடுக்க முடியும். 'இந்த ஒரு மீன் எவ்வளவு?' என்ற கேள்விக்கு மட்டும் அதனிடம் பதில் கிடையாது.

கேள்வி: அளவுத்திருத்தத்தை, அதாவது கருவி காட்டும் எண்ணைத் தெரிந்த ஒரு பொருளோடு ஒப்பிட்டுச் சரிசெய்வதை, வீட்டு வேலை மாதிரி நாங்களே செய்ய முடியுமா? என்னென்ன வேண்டும், எங்கே தவறும்?

செய்ய முடியும், செய்தே ஆக வேண்டும். கருவி பெட்டியிலிருந்து வரும்போது உள்ள எண்களை நம்பி மீனை அளக்காதீர்கள்.

முக்கியமான பொருள், 38.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள டங்ஸ்டன் கார்பைடு உருண்டை. அதில் 6 விழுக்காடு கோபால்ட் கலந்திருக்க வேண்டும். கலவை மாறினால் ஒலி அதற்குள் பரவும் வேகமும் மாறும், அட்டவணை எண்கள் பொருந்தாது. இந்த உருண்டையின் இலக்கு வலிமை 38 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ −42, 120 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ −39.5 டெசிபல். துல்லியமான எண்ணை உங்கள் நீரின் வெப்பநிலைக்கும் உப்புத்தன்மைக்கும் தனியாகக் கணக்கிட வேண்டும். அதனால் முதல் வேலை, வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் டிரான்ஸ்டியூசர் முதல் உருண்டை வரை பல ஆழங்களில் அளப்பது. ஒலியின் வேகமும், நீர் ஒலியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற எண்ணும் அதிலிருந்துதான் வருகின்றன.

உருண்டையை மெல்லிய ஒற்றையிழை நைலான் நரம்பால் சின்ன வலைப்பை மாதிரி கட்டுங்கள். உலோகக் கம்பி, கொக்கி, சுழல்வளையம் எதுவும் உருண்டைக்கு அருகில் வரக்கூடாது. மூன்று பக்கத்திலிருந்து மூன்று நரம்புகள் வந்து உருண்டையைத் தாங்கினால் எந்தத் திசைக்கும் நகர்த்தலாம். நீரோட்டம் இருந்தால் கீழே ஒரு எடை கட்டலாம், ஆனால் உருண்டைக்கும் எடைக்கும் நடுவே பல மீட்டர் இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் இரண்டின் எதிரொலியும் ஒன்றாகக் கலந்துவிடும். நீரில் இறக்கும் முன் உருண்டை, நரம்பு, முடிச்சு எல்லாவற்றையும் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தில் முக்கி எடுங்கள். முடிச்சில் ஒட்டிய ஒரு சின்னக் காற்றுக்குமிழி போதும், காலை முழுவதும் செய்த வேலை கெட்டுப்போகும்.

எவ்வளவு ஆழத்தில் தொங்கவிட வேண்டும்? டிரான்ஸ்டியூசருக்கு மிக அருகில் கற்றை இன்னும் உருவாகியிருக்காது. முகத்தின் அகலத்தை மீட்டரில் எடுத்து, தன்னால் பெருக்கி, அலைநீளத்தால் வகுத்தால் அந்த எல்லை கிடைக்கும். 120 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 1.25 சென்டிமீட்டர். முகம் 12 சென்டிமீட்டர் என்றால் எல்லை 1.15 மீட்டர். அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்துக்குக் கீழே உருண்டை இருக்கட்டும். மீனையும் அந்த எல்லைக்குள் அளக்க வேண்டாம்.

அடுத்து, உருண்டையைக் கற்றையின் நான்கு கால் பகுதிகளிலும், நடுவிலும், விளிம்பிலும் மெதுவாக நகர்த்தி, சில நூறு எதிரொலிகளைப் பதிவு செய்யுங்கள். ஒரு மூலை மட்டும் காலியாக இருந்தால் கற்றையின் வடிவத்தைச் சரியாகப் பொருத்த முடியாது. பொருத்திய பிறகு மிச்சப் பிழை 0.2 டெசிபலுக்குள் இருந்தால் நிறைவு. 0.4ஐத் தாண்டினால் காரணத்தைத் தேடி, மறுபடி செய்யுங்கள். பெரும்பாலும் உருண்டையைச் சுற்றி வந்த மீனோ, டிரான்ஸ்டியூசர் முகத்தில் படிந்த பாசியோ, குமிழியோதான் காரணமாக இருக்கும். நான்கில் ஒரு கால் பகுதி பழுதடைந்திருந்தாலும் இங்கேதான் அது வெளிப்படும்.

ஒரு நுணுக்கம். உருண்டை −39.5 தர வேண்டிய இடத்தில் −41.5 என்று வந்தால் 2 டெசிபல் குறைகிறது. ஆனால் டிரான்ஸ்டியூசரின் ஆதாய எண்ணை (ஒலியை எவ்வளவு பெருக்குகிறது என்று கருவியில் பதிந்த எண்) 2 மாற்றக்கூடாது. அது அனுப்பும்போதும் வாங்கும்போதும் இருமுறை கணக்கில் வருவதால், 1 டெசிபல் மட்டும் குறைக்க வேண்டும். இந்தப் பிழையைத் திருத்தாமல் விட்டால் 25 சென்டிமீட்டர் மீன் 20 சென்டிமீட்டர் ஆகத் தெரியும். துடிப்பு நீளத்தையோ அனுப்பும் ஆற்றலையோ மாற்றினால் இந்த வேலை முழுவதையும் அந்தப் புதிய அமைப்புக்கும் செய்ய வேண்டும்.

கேள்வி: வலையில் பிடித்த மீன்களின் சராசரி நீளம் 17 சென்டிமீட்டர். சோனார் தரும் சராசரி 13. மீன்களில் பாதி −40 டெசிபலும் மீதி −50 டெசிபலும் தருகின்றன, சராசரி −45 என்று எடுத்தோம். உருண்டையை வைத்துத் திருத்திவிட்டோம், அது சரியாகவே இருக்கிறது. எங்கே தவறு?

சராசரி எடுத்த விதத்தில்தான். டெசிபல் மடக்கை எண், அதை நேராகக் கூட்டி வகுக்கக்கூடாது. முதலில் ஒவ்வொன்றையும் நேர் எண்ணாக மாற்றுங்கள். −40 என்பது பத்தாயிரத்தில் ஒன்று, −50 என்பது லட்சத்தில் ஒன்று. இரண்டின் சராசரி லட்சத்தில் 5.5. அதைத் திரும்ப டெசிபலாக்கினால் −42.6. மாறிலி 67.4 என்று வைத்தால் 17.4 சென்டிமீட்டர் வருகிறது. நீங்கள் எடுத்த −45 தருவது 13.2. உங்கள் வலையும் கருவியும் சரியாகவே வேலை செய்திருக்கின்றன.

சமன்பாடுகளை உருவாக்கியவர்களும் இப்படி நேர் எண்ணில் சராசரி எடுத்துத்தான் மாறிலியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நாமும் அதே வழியில் போனால்தான் எண்கள் பொருந்தும்.

கேள்வி: ஒரே மீனைத் தொடர்ந்து பார்க்கிறோம். அடுத்தடுத்த பிங்குகளில் (ஒவ்வொரு முறை அனுப்பும் ஒலித்துடிப்பு ஒரு பிங்) எதிரொலி 10, 15 டெசிபல் ஏறி இறங்குகிறது. கருவி பழுதா?

பழுது அல்ல, மீன் உயிரோடு இருக்கிறது! 120 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 1.25 சென்டிமீட்டர்தான், காற்றுப்பையின் நீளமோ அதைப்போலப் பல மடங்கு. அதனால் காற்றுப்பை ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு மாதிரி நடந்துகொள்கிறது. மீன் தலையைச் சில பாகை சாய்த்தாலே பளிச்சென்ற எதிரொலி வேறு பக்கம் போய்விடும். அதிர்வெண் கூடக் கூட இந்த ஏற்ற இறக்கமும் கூடும். அளவெடுக்க 38 அல்லது 70 கிலோஹெர்ட்ஸை விரும்புகிறவர்கள் இதனால்தான் விரும்புகிறார்கள். ஆனால் அதிர்வெண் குறையக் குறைய டிரான்ஸ்டியூசர் பெரிதாக வேண்டும். ஆழம் குறைந்த நீரில் அவ்வளவு பெரிய டிரான்ஸ்டியூசரை வைக்க இடமிருக்காது, 120 அல்லது 200 கிலோஹெர்ட்ஸோடுதான் சமாளிக்க வேண்டும்.

இந்த ஏற்ற இறக்கத்தில் மீனின் நடத்தையும் ஒளிந்திருக்கிறது. கிடையாக நிதானமாக நீந்தும் மீன் பலமான, சீரான எதிரொலி தரும். கீழே பாயும் மீனின் எதிரொலி சட்டென்று விழும். படகின் சத்தம் கேட்டு மீன்கள் தலைகுப்புற ஆழத்துக்குப் போனால், கூட்டம் முழுவதும் 'சிறுத்துப்போனது' மாதிரி திரையில் தெரியும். பகலில் ஒரு சராசரியும் இரவில் வேறு சராசரியும் வந்தால், வேறு மீன்கள் வந்துவிட்டன என்று முடிவு கட்டும் முன், அதே மீன்கள் வேறு சாய்வில் மிதக்கின்றனவா என்று யோசியுங்கள்.

ஆழமும் சேர்ந்துகொள்கிறது. 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு, 90 மீட்டரில் பத்து மடங்கு. காட் போன்ற மீன்கள் இரத்தத்திலிருந்து வாயுவைச் சுரந்து காற்றுப்பையை மெதுவாக நிரப்பிக்கொள்ளும். ஹெர்ரிங்குக்கு அப்படிச் சுரக்கும் சுரப்பி இல்லை, மேற்பரப்பில் விழுங்கிய காற்றோடுதான் இறங்க வேண்டும், பை நசுங்கிக்கொண்டே போகும். ஹெர்ரிங்குக்குப் பயன்படும் ஒரு சமன்பாட்டில் 90 மீட்டர் ஆழத்துக்கு 2.3 டெசிபல் கழிக்கிறார்கள். அதை மறந்தால் நீளம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்து வரும்.

ஆகவே ஒரே ஒரு பிங்கை வைத்து ஒரு மீனின் நீளத்தைச் சொல்லாதீர்கள். ஒரு மீனிடமிருந்து குறைந்தது ஐந்தாறு எதிரொலிகளாவது கிடைத்த பிறகு, முன்பு சொன்னபடி நேர் எண்ணில் சராசரி எடுங்கள்.

கேள்வி: அடர்ந்த மீன் கூட்டத்துக்குள் தனி மீன்களை அளக்க முடியுமா?

முடியாது. மென்பொருள் ஏதாவது எண்ணைத் தரத்தான் செய்யும், அதை நம்பக்கூடாது. 0.4 மில்லிநொடித் துடிப்பு நீரில் 30 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு தட்டை ஒரே நேரத்தில் கேட்கிறது. 7 பாகைக் கற்றையில், 20 மீட்டர் தூரத்தில் அந்தத் தட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 1 கன மீட்டர். 50 மீட்டரில் ஆறரை. அந்த இடத்துக்குள் இரண்டு மீன்கள் இருந்தால் இரண்டின் எதிரொலியும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, கருவிக்கு ஒரே பெரிய மீனாகக் கேட்கும். ஒன்றையொன்று அழித்து இல்லாமலே போகவும் கூடும்.

ஒரு தட்டுக்குள் சராசரியாக 0.04 மீனுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம்பகமான வரம்பு. 20 மீட்டர் தூரத்தில் அது 25 கன மீட்டருக்கு ஒரு மீன். அதனால் கூட்டத்தின் ஓரத்தில் பிரிந்து நிற்கும் மீன்களையோ, இரவில் கூட்டம் கலைந்து பரவும் நேரத்தையோ தேர்ந்தெடுங்கள். தனி எதிரொலியைப் பிரிக்கும் அமைப்பில், எதிரொலியின் நீளம் அனுப்பிய துடிப்பைப்போல 0.8 முதல் 1.5 மடங்குக்குள் இருக்கட்டும். கோணம் எதிரொலிக்குள்ளேயே அலைபாய்ந்தால் அதைத் தள்ளிவிடுங்கள், அது பெரும்பாலும் இரண்டு மீன்கள். குறைந்தபட்ச வரம்பை −70 என்று வைத்தால் மிதவை உயிரிகளும் குப்பையும் வரும், −45 என்று வைத்தால் சின்ன மீன்கள் காணாமல்போகும், சராசரியும் தானாக உயரும். நீங்கள் தேடும் மிகச்சிறிய மீனின் எதிர்பார்க்கும் வலிமைக்கு 10 டெசிபல் கீழே வைத்துத் தொடங்கலாம்.

ஒரே துடிப்பில் பல அதிர்வெண்களை அனுப்பும் அகன்ற அலைப்பட்டைக் கருவிகள் இங்கே உண்மையாகவே உதவுகின்றன. 45 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குத் துடிப்பைப் பரப்பிப் பிறகு சுருக்கினால், இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான தூர வேறுபாடுள்ள மீன்களைக்கூடப் பிரிக்கலாம்.

கேள்வி: மீன் நீந்தும் வேகத்தைப் பிளவுக் கற்றையில் கணக்கிட்டோம். 25 சென்டிமீட்டர் மீன்கள் நொடிக்கு 60 சென்டிமீட்டர் போவதாக வருகிறது. இது நடக்கிற காரியமா?

விரட்டினால் போகும். நாள் முழுவதும் அப்படிப் போகாது. நிதானமாக நீந்தும் மீன் நொடிக்கு ஏறத்தாழ தன் உடல் நீளம் அளவே நகரும், உங்கள் மீனுக்கு அது 25 சென்டிமீட்டர். மீதி வேகம் கோண அளவின் நடுக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். 30 மீட்டர் தூரத்தில் 0.1 பாகை நடுக்கம் 5 சென்டிமீட்டருக்குச் சமம். நொடிக்கு 10 பிங் அனுப்பினால், அசையாத மீனும் ஒரு பிங்குக்கு 5 சென்டிமீட்டர் குதிப்பதாகத் தெரியும், கணக்கில் நொடிக்கு 50 சென்டிமீட்டர்! பிங் வேகத்தைக் கூட்டினால் பிழையும் கூடும், குறையாது.

பிங்குக்குப் பிங் தூரத்தைக் கூட்டாதீர்கள். தடத்தை ஒரு நொடி அளவுக்கு மென்மையாக்கி, அல்லது தொடக்கப் புள்ளிக்கும் முடிவுப் புள்ளிக்கும் உள்ள இடைவெளியை நேரத்தால் வகுத்துப் பாருங்கள். கற்றை நெடுக உள்ள அசைவு, அதாவது கருவியை நெருங்குவதும் விலகுவதும், குறுக்கு அசைவைவிட மிகத் துல்லியமாகக் கிடைக்கும், அதை முதலில் நம்புங்கள். படகு ஆடுவதையும் மறக்க வேண்டாம். 2 பாகை ஆட்டம் 30 மீட்டரில் ஒரு மீட்டர் நகர்வு. நடத்தையை ஆராயத் தூணிலோ தரையிலோ அசையாமல் பொருத்திய டிரான்ஸ்டியூசர்தான் ஏற்றது. தரையிலிருந்து மேல்நோக்கி வைத்தால் மீனின் வயிற்றுப்பக்கம் தெரியும், முதுகுப்பக்கத்துக்கு எழுதிய சமன்பாட்டை அதற்குப் போடக்கூடாது. ஆற்றின் குறுக்கே கிடையாக வைத்தால் சிக்கல் இன்னும் பெரிது. பக்கவாட்டில் திரும்பிய மீனுக்கும், தலையை நேராகக் காட்டும் மீனுக்கும் எதிரொலி 20 டெசிபல் வரை வேறுபடும்.

தடங்களைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. சேற்றுத் தரையிலிருந்து எழும் வாயுக்குமிழிகளும் அழகான 'மீன் தடங்கள்' தரும். அவை நொடிக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் வேகத்தில், ஒரே சாய்வில், மேலே மட்டுமே போகும். திரும்புவதும் நிற்பதும் கிடையாது. அத்தகைய தடங்களை முதலிலேயே நீக்கிவிடுங்கள்.

கேள்வி: கலங்கல் நீரில் வீடியோ மாதிரி படம் காட்டும் ஒலிக் கேமராவில் நேரடியாக நீளத்தை அளந்துவிடலாம் அல்லவா?

அளக்கலாம், அளவெடுப்புக்கு அது மிகப் பெரிய உதவி. எதிரொலியின் வலிமையிலிருந்து நீளத்தை ஊகிக்காமல், தலையையும் வாலையும் படத்திலேயே பார்த்து அளக்கிறோம். ஆனாலும் படத்துக்கு ஒரு எல்லை உண்டு. டிட்சன் (DIDSON) என்ற ஒலிக் கேமராவை எடுத்துக்கொள்வோம். 1.8 மெகாஹெர்ட்ஸில் 96 கற்றைகள், ஒவ்வொன்றும் 0.3 பாகை. 5 மீட்டரில் ஒரு கற்றையின் அகலம் 2.6 சென்டிமீட்டர், 10 மீட்டரில் 5.2. குறுக்காகப் போகும் மீனின் இரு முனையும் இந்த அகலத்துக்கு மங்கிப் பரவித் தெரிவதால், தொலைவில் போகும் சின்ன மீன் உண்மையைவிட நீளமாகத் தெரியும். பெரிய மீனின் வால் நுனி மெல்லிய எதிரொலி தருவதால், அது குறைவாக அளக்கப்படும். இரண்டு பிழையும் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் சராசரி மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும்!

மீன் பக்கவாட்டில் திரும்பி, உடல் நேராக நீண்டிருக்கும் படங்களைத் தேர்ந்து, ஒரு மீனுக்கு மூன்று முதல் ஐந்து படங்களில் அளவெடுங்கள். வாலை வீசி வளைந்திருக்கும் படம் வேண்டாம். பின்னணியை நீக்கும் வசதி வேலையை எளிதாக்கும், ஆனால் ஒரே இடத்தில் நிற்கும் மீனையும் சேர்த்து நீக்கிவிடும். கற்றையின் செங்குத்து அகலம் 14 பாகை. 10 மீட்டரில் அது ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரம், அதற்குள் மீன் எந்த ஆழத்தில் போகிறது என்று இந்தப் படம் சொல்லாது.

அளவைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. மணல் நிரப்பி இரு முனையும் அடைத்த 50 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் குழாயை நரம்பில் கட்டி, 3, 6, 9 மீட்டர் தூரங்களில் குறுக்காக இழுத்துப் பதிவு செய்யுங்கள். மீனை அளக்கும் அதே ஆள் அதே முறையில் அதை அளக்கட்டும். வரும் வேறுபாடுதான் அந்தத் தூரத்துக்கான உங்கள் திருத்தம்.

கேள்வி: சோனாரின் ஒலி மீனுக்குக் கேட்காதா? கேட்டால் நடத்தை மாறிவிடாதா?

பெரும்பாலான மீன்களுக்குச் சில கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, பலவற்றுக்கு 1 கிலோஹெர்ட்ஸே எல்லை. விதிவிலக்கு, ஹெர்ரிங்கின் உறவான அமெரிக்க ஷாட். அது 180 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த இனம் உள்ள நீரில் 120 கிலோஹெர்ட்ஸை வைத்து நடத்தையை ஆராய்வது சரியல்ல. ஓங்கில்களுக்கு 150 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்பதால், அவை அருகில் இருந்தால் மீன்களும் சேர்ந்து கலையலாம்.

மற்ற மீன்களைக் கலைப்பது சோனார் அல்ல. இயந்திரத்தின் சத்தம் சில நூறு ஹெர்ட்ஸில்தான் பலமாக இருக்கிறது, மீனின் காதும் அங்கேதான் கூர்மை. நடத்தையைப் பதிவு செய்யும்போது இயந்திரத்தை நிறுத்துங்கள், இரவில் விளக்கையும் அணைத்துவிடுங்கள். நங்கூரம் போட்ட பிறகு வரும் முதல் கால்மணிப் பதிவைத் தனியாக வைத்துப் பிந்தைய பதிவோடு ஒப்பிட்டால், மீன்கள் எப்போது அமைதியாகின என்று தடங்களின் ஆழத்திலேயே தெரிந்துவிடும்.